மண்ணைக் காக்க மானியத்தை வெட்ட வேண்டுமா?

(விவசாய சங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அரசின் வேளாண் கொள்கையும் மானியங்களும் இயற்கை வேளாண்மையையும் சுற்றுச்சூழலையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பது இன்றைய வகுப்பில் எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. நமது வகுப்புகளில் இது அடிக்கடி இடம்பெறும் தலைப்பல்ல. ஏன் இடம்பெறுவதில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

"உர மானியத்தை வெட்டாதே" என்பது 1991 முதல் நாம் எழுப்பிவரும் முழக்கம். அது சரியான முழக்கம். மறுபுறத்தில், "உர மானியம்தான் மண்ணை மலடாக்கியது, நிலத்தடி நீரைக் கெடுத்தது" என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பலர் கூறுகின்றனர். அவர்கள் கூறுவதிலும் உண்மை இருக்கிறது. நமது கிளைகளில் உள்ள இளம் தோழர்கள் இவ்விரு குரல்களையும் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது என்று நம்மிடம் வருகிறார்கள். மண்வளம், நஞ்சில்லா உணவு என்பதெல்லாம் வசதி படைத்தோரின் கவலை என்று நாம் ஒதுங்கிவிட்டால், அந்த இடத்தை வேறு சக்திகள் நிரப்பிக்கொள்ளும். ஏற்கெனவே நிரப்பத் தொடங்கிவிட்டன.

எனவே இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோம். மண் கெட்டதற்கு மானியம்தான் காரணமா, அல்லது அது தரப்பட்ட விதம் காரணமா? மண்ணைச் சீர்செய்வதற்கான செலவை யார் சுமப்பது?

மானியம் பிறந்த கதை

1960களின் நடுவில் அடுத்தடுத்து வந்த வறட்சியும், அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமைக்காகக் கையேந்தி நின்ற நிலையும் நம் நாட்டு வரலாற்றின் கசப்பான பக்கங்கள். 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அமைக்கப்பட்டன. வீரிய விதை, ரசாயன உரம், பாசனம், ஆதரவு விலை, அரசுக் கொள்முதல் ஆகிய ஐந்தும் ஒரே தொகுப்பாகத் தரப்பட்டன. 1977இல் உர ஆலைகளுக்கான விலை ஈட்டுத் திட்டம் வந்தது. ஆலையின் உற்பத்திச் செலவுக்கும் விவசாயி தரும் விலைக்கும் உள்ள இடைவெளியை அரசு ஈடுகட்டியது. இன்றைய உர மானியத்தின் வேர் அதுதான்.

இந்த ஏற்பாடு நாட்டுக்கு உணவுத் தற்சார்பைத் தந்தது. அதைக் கொச்சைப்படுத்துவது நமது வேலையல்ல. ரேஷன் கடை அரிசியை உண்ணும் கோடிக்கணக்கான உழைப்பாளி மக்களிடம் போய், பசுமைப் புரட்சி முழுவதும் ஒரு தவறு என்று எவரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் ஆளும் வர்க்கம் இந்தப் பாதையை ஏன் தேர்ந்தெடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். உணவு உற்பத்தியைப் பெருக்க நிலச்சீர்திருத்தம் என்றொரு வழி இருந்தது. நிலவுடைமையைத் தொடாமல் விளைச்சலை மட்டும் உயர்த்த வேண்டும் என்று அது விரும்பியது. அதனால்தான் பாசன வசதி ஏற்கெனவே இருந்த மாவட்டங்களில், முதலீடு செய்யும் வலிமை உடைய விவசாயிகளிடம் இந்தத் தொகுப்பு முதலில் போய்ச் சேர்ந்தது. நிலம் யாருக்கு என்ற கேள்வி ஓரங்கட்டப்பட்டது. மானாவாரி நிலங்களும், அவற்றில் விளைந்த கேழ்வரகும் சோளமும் பருப்பும் அதே போக்கில் ஓரங்கட்டப்பட்டன.

1991க்குப் பிறகு நடந்தது என்ன?

மண்ணில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை 4:2:1 என்ற அளவில் இடப்பட வேண்டும் என்பது நாட்டளவில் பொதுவாகக் கூறப்படும் கணக்கு. மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ப இது மாறும் என்றாலும், ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 1991-92இல் இந்த விகிதம் 5.9:2.4:1 ஆக இருந்தது. அடுத்த ஆண்டே, 1992-93இல், அது 9.5:3.2:1 ஆகிவிட்டது. ஒரே ஆண்டில் விவசாயிகளின் அறிவு மங்கிப்போய்விட்டதா? இல்லை. மாறியது கொள்கை.

1991 ஜூலை நிதிநிலை அறிக்கையில் உர விலை 40 சதவீதம் உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும் 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் மீதான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டு, அதன் விலை 10 சதவீதம் குறைக்கவும்பட்டது. 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோதும் இதே கதை தொடர்ந்தது. மற்ற உரங்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் அரசு தரும், விலையை நிறுவனங்கள் தீர்மானிக்கும் என்றார்கள். யூரியாவை அந்தத் திட்டத்துக்கு வெளியே வைத்தார்கள்.

இன்று 45 கிலோ யூரியா மூட்டையின் விலை சுமார் 266 ரூபாய், அதாவது கிலோ 6 ரூபாய். 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய், அதாவது கிலோ 27 ரூபாய். கடன் வாங்கிப் பயிர் செய்யும் சிறு விவசாயி எதை வாங்குவார்? யூரியா இட்டால் பயிர் பச்சையாகத் தெரியும். கையில் உள்ள பணத்துக்கும் அதுதான் கட்டுப்படியாகும். விவசாயி அறியாமையால் யூரியாவைக் கொட்டுகிறார் என்று கருத்தரங்க மேடைகளில் பேசுவோர், இந்த விலைப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

இதன் விளைவை மண்ணும் நீரும் காற்றும் சுமக்கின்றன. நெல் வயலில் இடப்படும் தழைச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. இன்னொரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. அதில் ஒரு சிறு அளவு நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாகிறது. அளவில் சிறிதானாலும், புவியைச் சூடாக்கும் திறனில் அது கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வலிமை கொண்டது. தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இடப்படாத மண்ணில் கரிமச்சத்து குறைகிறது. அதே விளைச்சலை எடுக்க அடுத்த ஆண்டு கூடுதல் உரம் தேவைப்படுகிறது. செலவு ஏறுகிறது, கடனும் ஏறுகிறது.

மானியம் அதிகமாகிவிட்டதால் மண் கெட்டது என்பது பாதி உண்மை. நிதிப் பற்றாக்குறையைக் குறைப்பதற்காக ஒரு பகுதி உரங்களைச் சந்தையிடம் ஒப்படைத்து, மறு பகுதியை அரசியல் அச்சத்தால் அப்படியே விட்டுவைத்த நவதாராளமயக் கொள்கை அந்தச் சீர்கேட்டை விரைவுபடுத்தியது என்பது மறைக்கப்படும் மறு பாதி.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிந்திரி, கோரக்பூர், ராமகுண்டம், துர்காபூர், ஹால்டியா எனப் பொதுத்துறை உர ஆலைகள் 2002இல் மூடப்பட்டன. இவற்றில் சில பின்னர் வேறு வடிவத்தில் திறக்கப்பட்டன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் இறக்குமதியைச் சார்ந்திருப்பது பழக்கமாகிவிட்டது. பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. யூரியா தயாரிக்கத் தேவைப்படும் எரிவாயுவின் பெரும்பகுதியும் இறக்குமதிதான். உக்ரைன் போரை ஒட்டிச் சர்வதேச விலைகள் எகிறிய 2022-23இல் உர மானியச் செலவு 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. இந்தத் தொகை விவசாயியின் பெயரில் கணக்கு எழுதப்படுகிறது. உண்மையில் அதன் பெரும்பகுதி சர்வதேச எரிவாயு, உர வணிகர்களின் கைக்குச் சென்றது.

பஞ்சாப் சொல்லும் பாடம்

உரத்தைவிட வலிமையான இன்னொரு மானியம் உண்டு. அரசு எந்தப் பயிரைக் கொள்முதல் செய்கிறது என்பதே அது. பஞ்சாப் மக்கள் பரம்பரையாகக் கோதுமை ரொட்டி உண்பவர்கள். 1970-71இல் அங்கு நெல் பயிரான நிலம் சுமார் 4 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். மத்தியத் தொகுப்புக்கு அரிசி வேண்டும் என்று நாடு கேட்டது. பஞ்சாப் விவசாயி கொடுத்தார். 22 பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது. ஆனால் முழு அளவில் உறுதியாகக் கொள்முதல் நடப்பது நெல்லுக்கும் கோதுமைக்கும் மட்டுமே. இலவச மின்சாரம் ஆழ்குழாய்க் கிணற்றை ஓட்டியது. இன்று பஞ்சாபில் நிலத்தடியில் ஆண்டுதோறும் ஊறும் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான நீர் உறிஞ்சப்படுகிறது.

1986லேயே எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு, நெல்-கோதுமை நிலத்தில் 20 சதவீதத்தை வேறு பயிர்களுக்கு மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாற்றுப் பயிரை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்ற கேள்விக்கு மத்திய அரசு பதில் சொல்லவில்லை. பரிந்துரை தாளிலேயே நின்றது. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் மாநில அரசு ஒரு சட்டம் இயற்றி, நாற்று நடவைப் பருவமழையை ஒட்டித் தள்ளிவைத்தது. அறுவடையும் தள்ளிப்போனது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் இரண்டு மூன்று வாரங்களே மிஞ்சின. அந்த இடைவெளியில் வைக்கோல் தாளை அகற்ற ஆள்கூலி கொடுக்க முடியாதவர் தீ வைக்கிறார்.

தில்லி புகையில் மூழ்கும்போது குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது யார்? இரண்டு ஏக்கர் விவசாயி. 2024 நவம்பரில் மத்திய அரசு அபராதத்தை இரட்டிப்பாக்கியது. இரண்டு ஏக்கருக்குக் கீழ் உள்ளவருக்கு 5,000 ரூபாய், ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவருக்கு 30,000 ரூபாய். பயிரைத் தீர்மானித்தது அரசுக் கொள்முதல். நடவு நாளைத் தீர்மானித்தது அரசுச் சட்டம். அபராதம் மட்டும் விவசாயிக்கு. 2020-21இல் தில்லி எல்லைகளில் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்திருந்த விவசாயிகள், மூன்று வேளாண் சட்டங்களோடு இந்தத் தண்டனைப் பிரிவையும் திரும்பப் பெறக் கோரினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இயற்கை வேளாண்மைக்கு அரசு தருவது என்ன?

2015 முதல் பாரம்பரிய வேளாண் மேம்பாட்டுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2024 நவம்பரில் தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரு கோடி விவசாயிகள், 7.5 லட்சம் ஹெக்டேர் என்பது இலக்கு. ஒதுக்கீடு, மாநிலங்களின் பங்கையும் சேர்த்து, 2,481 கோடி ரூபாய். ஒரு கோடி விவசாயிகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 2,481 ரூபாய். அதே 2024-25 நிதியாண்டுக்கு உர மானியமாக நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்ட தொகை 1.64 லட்சம் கோடி ரூபாய். ஓராண்டு உர மானியத்தில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாயைக் கொடுத்துவிட்டு, நாட்டை இயற்கை வேளாண்மைக்கு மாற்றுவதாகப் பிரதமர் மேடைதோறும் முழங்குகிறார்.

ரசாயனத்திலிருந்து விலகும் விவசாயிக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மிகக் கடினமானவை. பெரும்பாலான பயிர்களில் அப்போது விளைச்சல் குறைகிறது. களையெடுப்புக்குக் கூடுதல் ஆள் தேவை. ஆனால் விளைபொருளை இயற்கை விளைபொருள் என்று விற்க முடியாது. ஏற்றுமதிக்கான தேசிய விதிகளின்படி, ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலமாகக் கழிய வேண்டும். அதாவது சமூகம் முழுவதற்கும் பயன் தரும் ஒரு மாற்றத்தின் நட்டத்தை, மாற்றத்தில் இறங்கும் குடும்பம் தனியாகச் சுமக்க வேண்டும். குழுவாகச் சான்றிதழ் பெறும் இடங்களில் பல நேரங்களில் சான்றிதழ் ஏற்றுமதி நிறுவனத்தின் கையில் இருந்திருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு விற்காவிட்டால் விவசாயியின் விளைபொருள் சாதாரணச் சரக்காகிவிடும். நிலம் விவசாயியுடையது, உழைப்பு விவசாயியுடையது, முத்திரை மட்டும் முதலாளியுடையது!

சிக்கிம் 2003இல் இந்த வழியை அறிவித்து, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016 ஜனவரியில் முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று பெயர் பெற்றது. சுமார் 75,000 ஹெக்டேர் சான்றளிக்கப்பட்டது. அது ஒரு சாதனை. ஆனால் ரசாயன உரப் பயன்பாடு தொடக்கத்திலேயே குறைவாக இருந்த சிறிய மலை மாநிலம் அது. அங்கு உண்ணப்படும் அரிசியின் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு உணவளிக்க வேண்டிய நாடு அதை அப்படியே நகலெடுக்க முடியாது.

அவசரத்தின் விலை என்ன என்பதை நமது அண்டை நாடான இலங்கை காட்டியது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய கோத்தபய ராஜபக்ச அரசு, 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே உத்தரவில் தடை விதித்தது. மாற்று உரம் போதிய அளவில் இல்லை, பயிற்சி இல்லை, நட்ட ஈட்டுக்கு முன்னேற்பாடு இல்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. விவசாயிகள் வீதிக்கு வந்தனர். நவம்பரில் அரசு பின்வாங்கியது. இதைக் காட்டி இயற்கை வேளாண்மையே சாத்தியமில்லை என்று உர நிறுவனங்கள் வாதிடுகின்றன. உழவரின் பங்கேற்பும் பொது முதலீடும் இல்லாமல் மேலிருந்து திணித்தால் என்ன ஆகும் என்பதே அதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம்.

"பணமாகக் கொடுத்துவிடலாம்" என்னும் பொறி

இந்த இடத்தில்தான் நவதாராளமயவாதிகள் ஒரு பச்சைப் போர்வையோடு வருகிறார்கள். 2015இல் சாந்தகுமார் தலைமையிலான உயர்மட்டக் குழு, உரத் துறையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, ஹெக்டேருக்கு சுமார் 7,000 ரூபாய் விவசாயியின் கணக்கில் செலுத்திவிடலாம் என்றது. உரத்தை மிகையாக இடுவது குறையும், சுற்றுச்சூழல் பிழைக்கும் என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும்.

ஒரு குத்தகை விவசாயியின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள். இன்று அவர் ஆதார் அட்டையுடன் உரக்கடைக்குப் போய்க் கைரேகை வைத்தால், மானிய விலையில் யூரியா கிடைக்கும். பட்டா கேட்பதில்லை. அரசு தரும் வேளாண் உதவிகளில், நிலப் பத்திரம் இல்லாதவரையும் எட்டும் ஒன்றிரண்டில் உர மானியமும் அடங்கும். இதைப் பணமாக மாற்றினால் யார் கணக்குக்குப் போகும்? நில ஆவணத்தில் பெயர் உள்ளவர் கணக்குக்கு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம்-கிசான் திட்டத்தில் அதுதான் நடக்கிறது. நகரத்தில் குடியிருக்கும் நில உரிமையாளருக்குப் பணம் வருகிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. உர மானியமும் அப்படி மாறினால், குத்தகை விவசாயி சந்தை விலையில் உரம் வாங்குவார், அல்லது நிலத்தை விட்டு வெளியேறுவார். வெளியேறும் நிலத்துக்கு யார் காத்திருக்கிறார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இயற்கை வேளாண்மையின் முட்டுக்கட்டையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மண்ணைத் தேற்ற மூன்று ஆண்டுகளாவது வேண்டும். அடுத்த போகம் இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்றே தெரியாத ஒருவர், எதற்காகத் தழையுரம் இட்டு, வரப்பில் மரம் வைத்து, மண்ணைத் தேற்ற வேண்டும்? தேற்றிய மண்ணைக் காட்டி உரிமையாளர் குத்தகையை உயர்த்துவார். ஆகவே யூரியா இட்டு இந்தப் போகத்து விளைச்சலை எடுப்பதே அவரது நிலையில் அறிவுடைமை. நிலத்தின் மீது உறுதியான உரிமை இல்லாதவரிடம் மண்ணின் எதிர்காலத்தைக் காக்கும்படி கேட்பது நியாயமும் ஆகாது, நடக்கவும் நடக்காது. முதலாளித்துவ வேளாண்மை உழைப்பாளியையும் மண்ணையும் சேர்த்தே சுரண்டுகிறது என்பதை மார்க்ஸ் லீபிக்கின் மண் வேதியியலைக் கற்று விளக்கினார். அந்த இரட்டைச் சுரண்டலை நமது நாட்டில் குத்தகை வயலில் கண்ணால் காணலாம்.

உலக வர்த்தக அமைப்பிலும் இதே பச்சைப் போர்வை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தன் பண்ணையாளர்களுக்கு நிலப்பரப்பின் அடிப்படையில் நேரடியாகத் தரும் பணத்தில் சுமார் 80 சதவீதம், பயன்பெறுவோரில் 20 சதவீதத்தினருக்கே போகிறது. உற்பத்தியோடு தொடர்பற்றது என்று கூறி, அதன் பெரும்பகுதி பச்சைப் பெட்டியில் போடப்படுகிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை. ஏழைகளுக்கு உணவளிக்க இந்தியா ஆதரவு விலையில் நெல் வாங்கினால், அது வர்த்தகத்தைத் திரிக்கும் மானியமாம்! 2013இல் பாலியில் கிடைத்த தற்காலிகப் பாதுகாப்பின் நிழலில்தான் நமது கொள்முதல் இன்றும் நிற்கிறது.

நஞ்சு யாருக்கு, நல்ல உணவு யாருக்கு?

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் நச்சுத் தாக்கி இறந்தனர். விவசாயத் தொழிலாளர்களும் ஏழை விவசாயிகளுமே பலியானார்கள். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அதன் கொடுமையை அங்குள்ள எளிய குடும்பங்கள் தலைமுறை கடந்து சுமக்கின்றன. அந்த நஞ்சுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சென்றது இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம். 2011 மே மாதத்தில் நாடு முழுவதும் தடை உத்தரவு கிடைத்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. சுற்றுச்சூழல் நமது பிரச்சனையா என்று கேட்போருக்கு இந்த வரலாறே பதில்.

மறுமுனையில், நஞ்சில்லா அரிசியும் பருப்பும் பெருநகரக் கடைகளில் வசதி படைத்தோர் வாங்கும் பண்டமாகிவிட்டன. தெளிப்பவருக்கு நஞ்சு, வாங்கும் வசதி உள்ளவருக்கு நல்ல உணவு. சந்தையிடம் விட்டால் இயற்கை வேளாண்மை இப்படித்தான் முடியும்.

இன்னொரு சக்தியையும் குறிப்பிட வேண்டும். இயற்கை வேளாண்மையைப் பசுவின் புனிதத்தோடு முடிச்சுப் போடுகிறது சங் பரிவாரம். தொழுவுரம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் மாட்டு வணிகத்தின் மீது வன்முறையை ஏவிவிட்டு, பால் வற்றிய மாட்டை விற்க முடியாமல் செய்துவிட்டு, மாடு வளர்க்கச் சொல்வது என்ன நியாயம்? மாட்டை விற்க முடியாத விவசாயி மாட்டை வாங்கவும் மாட்டார். உத்தரப் பிரதேச வயல்களில் இரவெல்லாம் காவலிருந்து, கைவிடப்பட்ட மாடுகளை விரட்டும் விவசாயிகளைக் கேட்டால் தெரியும்.

மாற்று இருக்கிறது

மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா, சுமார் 15 லட்சம் குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. வெளியேற்றப்பட மாட்டோம் என்ற உறுதி வந்ததும் அவர்கள் வயலில் கூடுதலாக முதலீடு செய்தார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீயின் கூட்டுப்பொறுப்புக் குழுக்களில் லட்சக்கணக்கான பெண்கள், தரிசாகக் கிடந்த நிலங்களைக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறார்கள். இடது ஜனநாயக முன்னணி அரசு 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தையும், 2010இல் இயற்கை வேளாண் கொள்கையையும் கொண்டுவந்தது. 2020இல் நெல்வயலை வயலாகவே காப்பவர்களுக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் 16 காய்கறி, கிழங்கு வகைகளுக்கு உற்பத்திச் செலவோடு 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலையை அறிவித்தது. தொகைகள் சிறியவை. ஒரு மாநில அரசின் நிதி வரம்புக்குள் செய்யப்பட்டவை. ஆனால் திசை சரியானது.

ஒடிசாவில் 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கம், ஆதிவாசி மாவட்டங்களில் கேழ்வரகை ஆதரவு விலையில் கொள்முதல் செய்து, ரேஷனிலும் அங்கன்வாடியிலும் வழங்கியது. ஆந்திராவில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக, அனுபவமுள்ள விவசாயிகளே சக விவசாயிகளுக்கு இயற்கை வேளாண்மையைக் கற்பிக்கிறார்கள். இந்த அனுபவங்கள் ஒன்றைச் சொல்கின்றன: அரசு வாங்கினால் பயிர் மாறும், அமைப்பாகத் திரண்டால் விவசாயி துணிவார்.

இவற்றிலிருந்து நமது கோரிக்கைகளை வகுப்போம்.

முதலாவதாக, மானிய வெட்டு கூடாது. மானியத்தின் திசையும் பரப்பும் மாற வேண்டும். யூரியா விலையை உயர்த்திச் சமநிலை காண்பதை ஏற்க முடியாது. மற்ற உரங்களை மீண்டும் விலைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தொழுவுரம், பசுந்தாள் விதை, நகரக் கழிவிலிருந்து கிடைக்கும் தரமான மட்கு உரம் ஆகியவற்றுக்கும் அதே அளவில் பொதுப்பணம் வேண்டும்.

இரண்டாவதாக, மாற்றக் காலத்தின் விளைச்சல் இழப்பை அரசு முழுமையாக ஈடுகட்ட வேண்டும். சான்றிதழ் இலவசமாக, விவசாயி அல்லது அவரது கூட்டுறவின் பெயரில் வழங்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, பருப்பு, எண்ணெய் வித்து, சிறுதானியங்களுக்கு சுவாமிநாதன் ஆணையம் பரிந்துரைத்தபடி மொத்தச் செலவோடு 50 சதவீதம் சேர்த்த விலையில் சட்டப்பூர்வக் கொள்முதல் வேண்டும். அவை பொது விநியோகத்திலும் மதிய உணவிலும் சேர வேண்டும். நஞ்சில்லா உணவு முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அங்கன்வாடிக் குழந்தையின் தட்டு.

நான்காவதாக, குத்தகை விவசாயிகள் பதிவு செய்யப்பட வேண்டும். எல்லா உதவிகளும் உழுபவருக்கே சேர வேண்டும்.

ஐந்தாவதாக, களையெடுப்பிலும் உரத் தயாரிப்பிலும் கூடும் வேலைச்சுமை, பெண்களின் கூலியில்லா உழைப்பாக மாறிவிடக் கூடாது. மட்கு உரக் குழி, பண்ணைக் குட்டை, வரப்புச் சீரமைப்பு ஆகியவை ஊரக வேலை உறுதிப் பணிகளாக, உரிய கூலியோடு செய்யப்பட வேண்டும்.

தோழர்களே! நாம் நம்மையே விமர்சித்துக்கொள்ள வேண்டிய இடமும் உண்டு. உரத் தட்டுப்பாடு வரும்போது போராடுகிறோம். அந்த உரம் மண்ணை என்ன செய்கிறது என்று கிளைக் கூட்டத்தில் பேசியிருக்கிறோமா? பூச்சிக்கொல்லி தெளிக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் கூலி ஒப்பந்தத்தின் பகுதியாக வேண்டும் என்று கேட்டிருக்கிறோமா? நமது கிராமத்தில் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் எத்தனை பேர் என்ற பட்டியல் நம்மிடம் இருக்கிறதா?

இங்கிருந்து திரும்பியதும் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். வீடு வீடாகச் சென்று, யார் எந்த வயலை எத்தனை ஆண்டுகளாகப் பயிரிடுகிறார், எவ்வளவு உரம் இடுகிறார், எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதி வாருங்கள். அடுத்த வகுப்பில் என் உரைக்குப் பதிலாக அந்தக் கணக்கை வைத்து விவாதிப்போம். மண்ணைக் காக்கும் போராட்டமும் நிலத்துக்கான போராட்டமும் வேறுவேறல்ல என்பதை அந்தப் பட்டியலே நமக்குக் கற்றுத்தரும்.